ஒரே சொல்லை நவுன் என்றும் சப்ஜெக்ட் என்றும் ஏன் சொல்கிறார்கள்?

தங்கச்சிமடத்திலிருந்து கேட்டிருக்கும் சகோதரியின் கேள்வியை முதலில் என் சொற்களில் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். தமிழ் வழியில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, ராமேஸ்வரத்தில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலைக்கான இன்டர்வியூவுக்குத் தயாராகிறீர்கள். வீடியோ வகுப்புகளில் ஒருவர் ‘ஃபிஷ்’ என்பதை நவுன் என்கிறார், அடுத்தவர் அதே சொல்லை சப்ஜெக்ட் என்கிறார், இன்னொருவர் ஆப்ஜெக்ட் என்கிறார். யார் சொல்வது சரி, இந்தப் பெயர்களெல்லாம் தெரியாமல் ஆங்கிலம் எழுதவே முடியாதா, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறீர்கள். கூடவே நீங்களே எழுதிய மூன்று வாக்கியங்களையும் போட்டிருக்கிறீர்கள்: ‘மை ஃபாதர் ஃபிஷர்மேன்’, ‘டெய்லி சீ கோயிங்’, ‘யெஸ்டர்டே ஹி பிராட் கிராப் ஐ சோல்டு மார்க்கெட்’. அந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் உங்கள் கேள்வியின் வேர் எனக்குப் புரிந்தது. தேவையான சொற்கள் உங்களிடம் இருக்கின்றன. எந்தச் சொல் எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. இலக்கணப் பெயர்கள் அதற்கு உதவுமா என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது.

உதவும், சில பெயர்கள் மட்டும். மண்டபம் முதல் தொண்டி வரையிலான கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவருகிறேன். பெரும்பாலும் தமிழ் வழியில் படித்தவர்கள். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் வகுப்பறை ஆசிரியன், மொழியியல் ஆய்வாளன் அல்ல. ஆகவே இலக்கண அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கும் இடங்களில் வழக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்வேன், தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அந்த மூன்று ஆசிரியர்களும் சரியாகத்தான் சொல்கிறார்கள். அவர்கள் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. ஒரு சொல் என்ன வகை என்பது ஒரு கேள்வி. இந்த வாக்கியத்தில் அதற்கு என்ன வேலை என்பது வேறு கேள்வி. விசைப்படகில் ஏறுகிற ஒருவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது மாறாது. ஆனால் இன்றைக்கு அவர் டிரைவராகப் போகிறாரா, வலை இழுக்கப் போகிறாரா என்பது அந்தப் படகை, அந்த நாளைப் பொறுத்தது. நவுன், ப்ரோநவுன், அட்ஜெக்டிவ், அட்வெர்ப் என்பவையெல்லாம் வகையின் பெயர்கள். சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், காம்ப்ளிமென்ட், அட்ஜங்ட் என்பவை வேலையின் பெயர்கள். ‘தி ஃபிஷ் இஸ் ஃப்ரெஷ்’ என்றால் ஃபிஷ் வகையால் நவுன், வேலையால் சப்ஜெக்ட். ‘வி சோல்டு தி ஃபிஷ்’ என்றால் வகை அதே நவுன்தான், வேலை ஆப்ஜெக்ட். ‘தே ஃபிஷ் அட் நைட்’ என்று எழுதினால், அவர்கள் இரவில் மீன் பிடிக்கிறார்கள் என்று பொருள். இங்கே ஃபிஷ் வெர்ப் ஆகிவிட்டது. ஆகவே ஒரு சொல்லைத் தனியாக எடுத்துவைத்து இது என்ன வகை என்று கேட்டால்கூட ஆங்கிலத்தில் பல நேரம் பதில் வராது. வாக்கியத்துக்குள் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குழப்பம் தீராமல் இருப்பதற்கு இன்னொரு காரணம், வெர்ப் என்ற பெயர் இரண்டு பட்டியலிலும் இருப்பது. எஸ்விஓ, அதாவது சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட் என்று சொல்லும்போது எஸ், ஓ இரண்டும் வேலையின் பெயர்கள், நடுவில் நிற்கும் வி மட்டும் வகையின் பெயர். பாடப்புத்தகங்கள் காலங்காலமாக இப்படியே எழுதிவருகின்றன. மாற்ற முடியாது. தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

இந்த இரண்டு பட்டியல்களும் உங்களுக்குப் புதியவையே அல்ல. தமிழ் வகுப்பில் பெயர்ச்சொல், வினைச்சொல், இடைச்சொல், உரிச்சொல் என்று படித்தீர்கள், அது வகை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று படித்தீர்கள், அது வேலை. எழுவாய்தான் சப்ஜெக்ட், செயப்படுபொருள்தான் ஆப்ஜெக்ட். ‘மேரி ராணியைக் கூப்பிட்டாள்’ என்பதில் மேரி எழுவாய், ராணி செயப்படுபொருள் என்று எட்டாம் வகுப்பிலேயே எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அங்கே புரிந்ததுதான் இங்கேயும். தமிழ் வழியில் படித்தது குறை என்று நினைக்கும் பிள்ளைகளிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். இலக்கணத்தின் அடிப்படைக் கருத்துகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன, பெயர்ப்பலகைதான் வேறு.

ஆனால் ஒரு இடத்தில் இரண்டு மொழியும் நேர் எதிராகப் போகின்றன. எல்லாவற்றையும் விட இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘மேரி ராணியைக் கூப்பிட்டாள்’ என்பதை ‘ராணியை மேரி கூப்பிட்டாள்’ என்று சொல்லலாம், ‘கூப்பிட்டாள் மேரி ராணியை’ என்றும் சொல்லலாம். அழுத்தம் மாறும், சேதி மாறாது. கூப்பிட்டவள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ராணியோடு ஒட்டியிருக்கும் ‘ஐ’ என்ற உருபு, அவள் எங்கே போய் நின்றாலும் அவள் செயப்படுபொருள் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில நவுனுக்கு அப்படி ஒரு உருபு கிடையாது. ‘மேரி கால்டு ராணி’ என்றால் மேரி கூப்பிட்டாள். இடம் மாற்றி ‘ராணி கால்டு மேரி’ என்றால் ராணி கூப்பிட்டாள். ‘தி சைக்ளோன் டெஸ்ட்ராய்டு தனுஷ்கோடி இன் 1964’ என்பது நம் ஊர் வரலாறு. அதில் இரண்டு பெயர்களை இடம் மாற்றிவிட்டால், தனுஷ்கோடி புயலை அழித்ததாக ஆகிவிடும். தமிழில் வேலையைச் சொல்வது உருபு, ஆங்கிலத்தில் வேலையைச் சொல்வது இடம். வெர்புக்கு முன்னால் சப்ஜெக்ட், பின்னால் ஆப்ஜெக்ட். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ப்ரோநவுன்களில் மட்டும் பழைய காலத்து மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. ‘ஹி’ என்பது சப்ஜெக்ட் வேலைக்கு, ‘ஹிம்’ என்பது ஆப்ஜெக்ட் வேலைக்கு. அவன், அவனை என்பதைப் போலத்தான்.

மற்ற வேற்றுமை உருபுகள் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ப்ரெபொசிஷன்கள் செய்கின்றன. கு என்பதற்கு டு அல்லது ஃபார், ஓடு என்பதற்கு வித், இருந்து என்பதற்கு ஃப்ரம், இல் என்பதற்கு இடத்தைப் பொறுத்து இன், ஆன், அட். நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் பெயருக்கு முன்னால் வைக்கிறார்கள். இப்படி முன்னும் பின்னும் திரும்பிக்கிடப்பது வாக்கியம் முழுக்கத் தொடரும். நாம் ‘ராமநாதபுரம் மாவட்டம் ராமேஸ்வரத்தில்’ என்று பெரிய இடத்திலிருந்து சின்ன இடத்துக்கு வருவோம். அவர்கள் ‘இன் ராமேஸ்வரம், ராமநாதபுரம் டிஸ்ட்ரிக்ட்’ என்று சின்னதிலிருந்து பெரியதற்குப் போவார்கள்.

இனி உங்கள் வாக்கியங்களுக்கு வருகிறேன். ‘மை ஃபாதர் ஃபிஷர்மேன்.’ தமிழில் ‘என் அப்பா மீனவர்’ முழுமையான வாக்கியம். அதில் வினைச்சொல்லே இல்லை. ‘மீனவர்’ என்ற பெயரே பயனிலையாக நிற்கிறது. பெயர்ப்பயனிலை என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. காலம் காட்டும் வெர்ப் ஒன்று இருந்தே ஆக வேண்டும். சொல்வதற்கு வினை ஒன்றும் இல்லாத இடத்தில்கூட இஸ், ஆம், ஆர், வாஸ், வேர் இவற்றில் ஒன்றைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். ‘மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மேன்.’ இதில் மை ஃபாதர் சப்ஜெக்ட், இஸ் வெர்ப், எ ஃபிஷர்மேன் காம்ப்ளிமென்ட், அதாவது சப்ஜெக்ட் யார் என்று நிரப்பிச் சொல்வது. எனக்குத் தெரிந்து நம் பக்கத்துப் பிள்ளைகள் விடும் தவறுகளில் முதல் இடம் இந்த இஸ் விட்டுப்போவதற்குத்தான். அது கவனக்குறைவு இல்லை. தமிழ் இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றுவதால் வருவது.

வெர்பைப் போலவே சப்ஜெக்டும் ஆங்கிலத்தில் கட்டாயம். ‘நேற்று வந்தேன்’ என்றால் நாம் ‘நான்’ சொல்லத் தேவையில்லை, ‘ஏன்’ என்ற விகுதியே நான் என்று காட்டிவிடும். தோன்றா எழுவாய். ஆங்கில வெர்பில் அந்த விகுதி இல்லாததால் ‘ஐ கேம் யெஸ்டர்டே’ என்று ஐ வந்தாக வேண்டும். ‘கம் ஹியர்’, ‘புல் தி நெட்’ என்று கட்டளையிடும்போது மட்டும் விலக்கு. சப்ஜெக்டாக வைக்க ஆளோ பொருளோ இல்லாத இடத்தில் வெறும் இடத்தை நிரப்பவே ஒரு சொல்லை வைப்பார்கள். ‘வெயிலாக இருக்கிறது’ என்பதற்கு ‘இட் இஸ் ஹாட்’. இந்த இட் எதையும் குறிக்கவில்லை. ‘மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன’ என்பதற்கு ‘தேர் ஆர் ட்வென்டி ஒன் ஐலண்ட்ஸ் இன் தி கல்ஃப் ஆஃப் மன்னார்’. அந்தத் தேர் ‘அங்கே’ என்று பொருள் தரவில்லை, இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெர்ப் இஸ் என்றோ ஆர் என்றோ வருவது பின்னால் வரும் ஐலண்ட்ஸைப் பார்த்து. ஓட்டல் ரிசப்ஷனில் ‘தேர் இஸ்’, ‘தேர் ஆர்’ இரண்டும் உங்களுக்கு நாள் முழுக்க வேண்டியிருக்கும். ரூம் இருக்கிறதா, பக்கத்தில் ஏடிஎம் இருக்கிறதா என்றுதானே எல்லோரும் கேட்பார்கள்.

இரண்டாவது வாக்கியம், ‘டெய்லி சீ கோயிங்.’ சப்ஜெக்ட் இல்லை. கோயிங் என்பது தனியாக நின்றால் காலம் காட்டாது, அதற்கு முன்னால் இஸ் வேண்டும். ஆனால் இஸ் கோயிங் என்று போட்டாலும் இங்கே பொருந்தாது. தமிழில் ‘அப்பா கடலுக்குப் போகிறார்’ என்பது தினசரி வழக்கத்துக்கும் பொருந்தும், இந்த நிமிடம் கிளம்பிப் போய்க்கொண்டிருப்பதற்கும் பொருந்தும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். வழக்கம் என்றால் கோஸ், இப்போது நடக்கிறது என்றால் இஸ் கோயிங். நீங்கள் டெய்லி என்று போட்டிருப்பதால் இது வழக்கம். ‘ஹி கோஸ் டு சீ எவ்ரி டே.’ இதில் சீ என்பதற்கு முன்னால் தி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தொழிலாகக் கடலுக்குப் போவதை ‘கோ டு சீ’ என்பார்கள். ‘கோ டு தி சீ’ என்றால் அரியமான் பீச்சுக்குக் குளிக்கப் போவது போல ஆகிவிடும். ‘ஹி கோஸ் ஃபிஷிங்’ என்று சொன்னாலும் இயல்பாக இருக்கும்.

இதையே கேள்வியாக்கும்போதும் மறுக்கும்போதும் தமிழில் இல்லாத ஒன்று வரும். ‘போகிறாரா’ என்று கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்த்து நாம் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் டு (do), டஸ், டிட் என்ற உதவி வெர்பைக் கூப்பிட வேண்டும். இந்த டு, கு உருபுக்குச் சொன்ன ப்ரெபொசிஷன் டு (to) இல்லை. ‘டஸ் ஹி கோ டு சீ?’ கோஸ் என்பதில் இருந்த ஸ் டஸ்ஸுக்குப் போய்விட்டது, ஆகவே மறுபடியும் ‘டஸ் ஹி கோஸ்’ என்று எழுதக் கூடாது. அதே போல ‘டிட் ஹி கோ’, ‘டிட் ஹி வென்ட்’ இல்லை. காலத்தை ஒரே ஒரு வெர்ப்தான் சுமக்கும். மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி யாராவது சுற்றுலாப் பயணி கேட்டால் ‘ட்ராலர்ஸ் டு நாட் கோ டு சீ ஃப்ரம் ஏப்ரல் 15 டு ஜூன் 14’ என்று சொல்லிப் பழகுங்கள். இஸ், ஆர், கேன், வில் போன்றவை ஏற்கெனவே வாக்கியத்தில் இருந்தால் இந்த உதவி வெர்ப் டு தேவையில்லை, அவையே முன்னால் போய்விடும்: ‘இஸ் ஹி அட் ஹோம்?’, ‘கேன் யூ வெயிட்?’

மூன்றாவது வாக்கியம் உங்களுடையதில் எனக்கு மிகவும் பிடித்தது. நீங்கள் சொல்ல வந்தது பெரிய வாக்கியம்: ‘நேற்று அவர் கொண்டுவந்த நண்டை நான் மார்க்கெட்டில் விற்றேன்.’ தமிழில் ‘கொண்டுவந்த’ என்பது பெயரெச்சம். அது தன் கூட்டத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு நண்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் நண்டு முதலில் வரும், அதைப் பற்றிய விவரம் அதன் பின்னால் தட் அல்லது விச் போட்டு வரும். ஆகவே முதலில் எலும்பை மட்டும் எடுங்கள். விற்றது யார்? நான். என்ன செய்தேன்? விற்றேன். எதை? நண்டை. ‘ஐ சோல்டு தி கிராப்ஸ்.’ எந்த நண்டு? நேற்று அவர் கொண்டுவந்தது. அதைக் கிராப்ஸுக்குப் பின்னால் வையுங்கள்: ‘தட் ஹி பிராட் யெஸ்டர்டே.’ மார்க்கெட்டில் என்பதை எங்கே வைப்பது? கடைசியில் வைத்தால், அவர் மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தாரா, நான் மார்க்கெட்டில் விற்றேனா என்று ஒரு தடுமாற்றம் வரும். முன்னால் கொண்டுபோய்விடலாம்: ‘அட் தி மார்க்கெட், ஐ சோல்டு தி கிராப்ஸ் தட் ஹி பிராட் யெஸ்டர்டே.’ இப்போது நேற்று என்பது கொண்டுவந்ததைத்தான் ஒட்டியிருக்கிறது. நேற்று விற்றீர்கள் என்றால் யெஸ்டர்டேயை வாக்கியத்தின் முதலில் வைக்க வேண்டும். உருபு இல்லாத மொழியில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் உறவைச் சொல்கிறது.

பெயரெச்சத்தைப் போல வினையெச்சமும் உங்களை இழுக்கும். ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து வந்தேன்’ என்று நாம் கடைசி வினையில் மட்டும் காலத்தையும் ஆளையும் காட்டுவோம். ஆங்கிலத்தில் அப்படி நடக்கும் வேலைகளை ஒவ்வொன்றுக்கும் காலம் காட்டி, கடைசிக்கு முன் அண்ட் போட்டு அடுக்குவதுதான் சாதாரண வழி: ‘ஐ காட் அப், ஹேட் எ பாத், ஏட் அண்ட் டுக் தி பஸ்.’ எல்லாவற்றுக்கும் ஹேவிங் போட்டு எழுதும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

வாக்கிய அமைப்புகள் பற்றிப் பள்ளியில் எஸ்விஓ, எஸ்விசி, எஸ்விஏ என்றெல்லாம் படித்திருப்பீர்கள். சி என்பது காம்ப்ளிமென்ட், ஏ என்பது அட்ஜங்ட். அதை மனப்பாடம் செய்யச் சொன்னார்களே தவிர, எதனால் அப்படி வருகிறது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் தீர்மானிப்பது வெர்ப். ஸ்லீப் என்ற வெர்புக்கு எதை என்று கேட்க முடியாது, எஸ்வி போதும். பை என்று வாங்குவதைச் சொன்னால் எதை என்ற கேள்வி வரும், ஓ வேண்டும். கிவ் என்றால் யாருக்கு, எதை என்று இரண்டு கேள்வி வரும், இரண்டு ஆப்ஜெக்ட் வேண்டும். தமிழில் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று படித்தது இதுவே. யாரை, எதை என்று கேட்டால் ஆப்ஜெக்ட் கிடைக்கும். எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்று கேட்டால் அட்ஜங்ட் கிடைக்கும்.

ஆப்ஜெக்டுக்கும் காம்ப்ளிமென்டுக்கும் உள்ள வேறுபாட்டில் நிறையப் பேர் தடுமாறுவார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ‘மை பிரதர் கால்டு எ டிரைவர்.’ ‘மை பிரதர் பிகேம் எ டிரைவர்.’ இரண்டிலும் எ டிரைவர் வெர்புக்குப் பின்னால்தான் இருக்கிறது, இரண்டிலும் நவுன்தான். ஆனால் முதல் வாக்கியத்தில் அண்ணன் வேறு, டிரைவர் வேறு. இரண்டு ஆட்கள். அது ஆப்ஜெக்ட். இரண்டாவதில் அண்ணனே டிரைவர். ஒரே ஆள். அது காம்ப்ளிமென்ட். இன்னொரு சோதனையும் இருக்கிறது. ஆப்ஜெக்டைப் பெரும்பாலும் முன்னால் கொண்டுவந்து பேசிவ், அதாவது செயப்பாட்டு வினை ஆக்கலாம்: ‘எ டிரைவர் வாஸ் கால்டு.’ காம்ப்ளிமென்டை அப்படி ஆக்க முடியாது.

பேசிவ் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வேலையைச் செய்பவரே சப்ஜெக்ட் என்று எல்லா வகுப்பிலும் சொல்லித்தருகிறார்கள். ஆரம்பத்துக்கு அது போதும், ஆனால் முழுக்க உண்மை இல்லை. ‘தி ஓல்டு பாம்பன் பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்டு இன் 1914’ என்ற வாக்கியத்தில் பாலம் எதையும் செய்யவில்லை, ஆனாலும் அதுதான் சப்ஜெக்ட். நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். ‘வாஸ் தி ஓல்டு பாம்பன் பிரிட்ஜ் ஓப்பன்டு இன் 1914?’ வாஸ் எதைத் தாண்டி முன்னால் வந்ததோ, அந்தச் சொற்கூட்டம்தான் சப்ஜெக்ட். பாலத்தைப் பற்றிப் பயணிகள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் இந்த வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதில் வழக்கு இல்லை. இனி சொல்பவற்றில் வழக்கு உண்டு, ஆகவே இரண்டு வீடியோவில் இரண்டு விதமாக வந்தால் பயப்படாதீர்கள். ‘தி போட் இஸ் இன் தி ஹார்பர்’ என்பதில் இன் தி ஹார்பர் என்பதை நம் பள்ளிப் புத்தகங்கள் ஏ என்று குறிக்கும். சில இலக்கண நூல்கள் அதைக் காம்ப்ளிமென்ட் என்று சொல்லும், ஏனென்றால் அதை எடுத்துவிட்டால் வாக்கியமே நிற்காது. அமைப்புகள் ஐந்து என்பார்கள் சிலர். குவர்க் என்பவரும் மற்ற மூவரும் சேர்ந்து 1985-இல் வெளியிட்ட பெரிய இலக்கண நூல் ஏழு என்கிறது. மை, யுவர் என்பவற்றை ஒரு புத்தகம் அட்ஜெக்டிவ் என்கும், இன்னொன்று ப்ரோநவுன் என்கும், புதிய நூல்கள் டிடெர்மினர் என்று தனி வகையாக வைக்கும். பரீட்சை எழுதுகிறவர்கள் அந்தப் பரீட்சைக்குரிய புத்தகம் சொல்வதை எழுதினால் போதும். உங்களுக்குப் பரீட்சை இல்லை, ஆகவே இந்த வழக்குகளைக் கடந்துபோகலாம்.

டென்ஸ் எத்தனை என்பதும் அப்படித்தான். மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு, ஆகப் பன்னிரண்டு என்பது பள்ளிக் கணக்கு. வெர்பின் வடிவத்தை மட்டும் பார்க்கிற இலக்கணக்காரர்கள் இரண்டுதான் என்பார்கள்: கோ, வென்ட். எதிர்காலத்துக்கென்று வெர்பில் தனி வடிவம் இல்லை, வில் என்ற உதவி வெர்பைச் சேர்க்கிறோம், அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். எண்ணும் முறை வேறு, மொழி ஒன்றுதான். பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், அதாவது சொல் வகைகள், எட்டு என்பதும் கிரேக்கர் தங்கள் மொழிக்கு வகுத்து, லத்தீன்காரர் எடுத்துக்கொண்டு, பிறகு ஆங்கிலத்துக்கு வந்த கணக்கு. கிரேக்கப் பட்டியலில் ஆர்டிகிள் (ஆங்கிலத்தில் எ, தி போன்றவை) இருந்தது, லத்தீனில் ஆர்டிகிளே இல்லாததால் அதை எடுத்துவிட்டு இன்டர்ஜெக்‌ஷனைச் சேர்த்து எட்டாக வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்துக்கு முதல் இலக்கணம் 1586-இல் வில்லியம் புல்லோகர் எழுதியபோது அந்த லத்தீன் அச்சையே பின்பற்றினார். நம் கடற்கரையிலும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. முத்துக்குளித்துறையில் பரதவர் மத்தியில் வாழ்ந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார், அதே 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். லத்தீன் இலக்கணப் பெயர்களைக் கொண்டே அவர் தமிழைப் புரிந்துகொண்டார். நீங்கள் இன்று எழுவாய், செயப்படுபொருள் வழியாக ஆங்கிலத்துக்குள் போவது அதே பாதையின் மறுமுனை.

ப்ரெடிகேட் என்ற சொல்லையும் கேட்டிருந்தீர்கள். அகராதியில் பயனிலை என்று இருக்கும். தமிழில் பயனிலை என்றால் பெரும்பாலும் கடைசியில் நிற்கும் வினையையோ பெயரையோ மட்டும் சொல்கிறோம். ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தில் சப்ஜெக்டைத் தவிர மீதி எல்லாமே ப்ரெடிகேட். இந்தப் பெயர் இல்லாமலேயே நீங்கள் நன்றாக எழுதலாம்.

எங்கே தொடங்குவது என்றால், என் வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். இது ஆராய்ச்சி முடிவு இல்லை, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் பலித்த வழி. முதலில் சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட், காம்ப்ளிமென்ட் இந்த நான்கு வேலைப் பெயர்கள். வகைப் பெயர்களில் நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், ப்ரெபொசிஷன். டென்ஸில் கோஸ், இஸ் கோயிங், வென்ட், வில் கோ இந்த நான்கு வடிவங்கள். டஸ், டிட் போட்டுக் கேள்வியும் மறுப்பும். ஹேஸ் கான், அதாவது ‘போயிருக்கிறார்’, அதற்கு அடுத்த மாதம் போதும். தினமும் நீங்கள் வீட்டில் தமிழில் பேசியதில் ஐந்து வாக்கியத்தை எடுத்து, முதலில் வினை எது, யார் செய்தது என்று பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களை மட்டும் தனியாக ஒரு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தி தெரியும் என்பது ‘ஐ நோ ஹிந்தி’, எனக்கு இரண்டு அக்கா என்பது ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’, எனக்குப் பசிக்கிறது என்பது ‘ஐ ஆம் ஹங்க்ரி’. தமிழில் கு உருபு ஏற்று நிற்பவர் ஆங்கிலத்தில் நேராக சப்ஜெக்ட் நாற்காலிக்குப் போய்விடுவார், வெர்ப் மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறும்.

எ, தி இரண்டையும் விதியால் மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. கேட்பவருக்கு எது என்று தெரிந்திருந்தால் தி, முதல் தடவை ஒன்றைச் சொல்லும்போது எ என்பது பாதித் தூரம் கூட்டிப்போகும். ராமேஸ்வரத்துக்கு தி இல்லை, கல்ஃப் ஆஃப் மன்னாருக்கு தி உண்டு என்பதெல்லாம் படித்துப் படித்துக் காதில் ஏற வேண்டியவை. இன்டர்வியூவில் ஒரு தி விட்டுப்போனதற்காக யாரையும் வெளியே அனுப்பிப் பார்த்ததில்லை. ‘மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மேன். ஹி கோஸ் டு சீ எவ்ரி டே. ஐ செல் தி கிராப்ஸ் தட் ஹி பிரிங்ஸ்.’ உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் இந்த மூன்றையும் சொல்லுங்கள். நான்காவது வாக்கியமாக எதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்று எழுதிப் போடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.